அயர்லாந்து பிஸ்கட்டும் நான் ஒட்டச் சொன்ன ஸ்டிக்கரும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேரில் மூன்று பேருக்குத் தமிழ் வாசிக்க வரும் என்று கேள்விப்பட்டேன். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். மற்ற மூவருக்கு நீங்கள் சாப்பாட்டு வேளையில் சொல்லிவிடுங்கள். நான் முட்டாளாகும் இடங்களில் அவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அந்த இடங்களைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

விதிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவை உங்கள் மேசையில் தடிதடியாக இருக்கின்றன, நான் ஓய்வு பெற்ற பிறகு இன்னும் தடித்திருக்கும். நான் சொல்லப் போவது ஒரே ஒரு பிஸ்கட் டின்னைப் பற்றி.

நம் வேலையை வெளியே சொன்னால் யாருக்கும் சட்டென்று புரிவதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் சாப்பாட்டுச் சாமான்களின் டப்பாவில் எழுதியிருப்பது உண்மையா என்று பார்ப்பேன் என்றால், தில்லி கிட்வாய் நகரில் எங்கள் பிளாக் பெண்கள் "அதுக்கா தினமும் ஆபீஸ் போறீங்க?" என்று கேட்பார்கள். ஒரே ஒருத்திக்கு மட்டும் என் வேலையின் அருமை தெரியும். முதல் மாடி வசந்தி. அம்பாசமுத்திரத்துக்காரி, கணவர் ராணுவக் கணக்குப் பிரிவில். அவர்களுடைய ஒரே பெண் அனுவுக்கு நிலக்கடலை ஆகாது. ஒவ்வாமை என்றால் சாதாரணமாகச் சொறிவதோடு நிற்காது. நான்கு வயதில் ஒரு பிறந்த நாள் விழாவில் கடலை மிட்டாய்த் துண்டு ஒன்றைத் தின்று, தொண்டை வீங்கி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த குழந்தை. அன்றிலிருந்து வசந்தி வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் நம் அலுவலகத்தில் எவரும் படிக்காத அளவுக்குக் கவனமாகப் படிப்பாள். நவராத்திரியில் எங்கள் பிளாக்கில் யாரும் வேர்க்கடலைச் சுண்டல் செய்ய மாட்டார்கள். பேசி முடிவெடுத்ததில்லை, தானாக நின்றுபோனது.

இனி டின்னுக்கு வருவோம்.

அது ஒரு மழைக்காலம். கோப்போடு ஒரு மாதிரி டின் என் மேசைக்கு வந்தது. கண்ணைப் பறிக்கும் பச்சை. நடுவில் சிவப்புத் தாடி வைத்த ஒரு தாத்தா, புடைப்பாக அச்சடிக்கப்பட்டுக் கண்ணடித்துக்கொண்டிருந்தார். பெயர் அங்கிள் ஷேமஸ். பக்கத்தில் யாழ் மாதிரி ஒரு வாத்தியம், பின்னால் ஆட்டு மந்தை, மேகம், மலை. மேலே வளைவாக 'ஓ'டூலிகன் அசல் ஐரிஷ் வெண்ணெய் பிஸ்கட்'. அதற்குக் கீழே, பசுமைப் பள்ளத்தாக்கில் ஷேமஸ் குடும்பம் ஏழு தலைமுறையாகக் காத்துவரும் கைப்பக்குவம் என்று ஒரு பத்தி. உச்சியில் ஏதோ பழைய எழுத்தில் ஒரு வரி.

டின்னைக் கவிழ்த்தேன். பின்பக்கக் கீழ் ஓரத்தில், இருமல் மருந்து பாட்டிலில் இருப்பதைவிடச் சின்ன எழுத்தில், தயாரிப்பு மலேசியா என்று இருந்தது. முகவரி ஒரு தொழிற்பேட்டை. ஆட்டு மந்தை அங்கே எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை.

இறக்குமதி செய்தவர் சேத்தி. மேற்கு தில்லிக்காரர், அறுபது வயதிருக்கும், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே பேசுகிறவர். விசாரணைக்கு வந்து உட்கார்ந்ததும் நான் கேட்டேன், "சேத்தி சாப், இதுல அயர்லாந்து எங்க இருக்கு?"

"ஃபீலிங்ல இருக்கு மேடம்ஜி" என்றார்.

"எந்த ஃபீலிங்?"

"பச்சைக் கலர், மழை, வெண்ணெய். பாத்தா மனசுக்குக் குளுகுளுன்னு இல்ல?"

"பிஸ்கட் மலேசியாவுல பண்ணது."

"அச்சா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. வெளிய போனா ரெண்டாவது கடையில சிக்கன் மஞ்சூரியன் விக்கறான். அது மஞ்சூரியாலேர்ந்தா வருது? உங்க மதராஸ்ல பாம்பே அல்வான்னு விக்கறீங்க. பம்பாய்க்காரன் யாராவது அதப் பாத்திருக்கானா? எங்க கடையில மதராஸி மிக்சர்னு ஒண்ணு இருக்கு. அதப் பண்றவன் மீரட்காரன். அவனையெல்லாம் கூப்பிட்டு விசாரிச்சீங்களா?"

அந்த மீரட் மிக்சரை நானே மாதம் ஒரு பாக்கெட் வாங்குகிறவள். "நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பதில் தெரியாதபோது நாளைக்கு வரச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரிந்தது மாதிரி அன்றைக்கே ஆணை போடுவதில்தான் ஆபத்து.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது பதில் பிடிபட்டது. மறுநாள் சேத்தியிடம் சொன்னேன். "மஞ்சூரியன் விக்கறவன், எங்க தாத்தா மஞ்சூரியாவுல ஏழு தலைமுறையா பண்ணிட்டிருந்தார்னு சொல்றதில்ல. மிக்சர் பாக்கெட்ல மைலாப்பூர் மாமி கண்ணடிக்கறதில்ல. அவங்க சொல்றது ஒரு பேரு. நீங்க சொல்றது ஒரு ஊரு, ஒரு குடும்பம், ஒரு கதை. அத நம்பித்தான் ஜனங்க வாங்குவாங்க."

சேத்தி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "கதைதான் மேடம்ஜி பிஸ்கட்டை விக்குது" என்றார். அவர் அன்றைக்கு உண்மை பேசியது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

அதோடு விட்டிருந்தால் நான் சாதாரண அதிகாரி. எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. இந்த அயர்லாந்தை முழுசாகத் தோலுரித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. சாணக்யபுரிப் பக்கம் ஒரு கான்வென்டில் அயர்லாந்துக்கார சிஸ்டர் ஒருவர் இருக்கிறார், ஐம்பது வருடத்துக்கு மேலாக தில்லியிலேயே இருப்பவர் என்று தெரிந்து, மாதிரி டின்னை எடுத்துக்கொண்டு போனேன். அவர் பேசிய ஹிந்தி என் ஹிந்தியைவிட நன்றாக இருந்தது.

டின்னைப் பார்த்ததும், "யே க்யா தமாஷா ஹை?" என்றார், இது என்ன கூத்து என்று. பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். "எங்க நாட்டுச் சின்னமா ஒரு செடி உண்டு, அதுக்கு மூணு இலை. இவன் நாலு போட்டிருக்கான். நாலு இலை அதிர்ஷ்டத்துக்கு, லாட்டரிச் சீட்டு விக்கறவனுக்கு. இந்தத் தாத்தா குல்லா எங்க ஊர்ல யாரும் போட்டு நான் பாத்ததில்ல. மேல எங்க பாஷையில ஒரு வரி இருக்கே, அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா பேட்டா? 'கதவு ஈரமா இருக்கு.'"

நான் வரிசையாகக் குறித்துக்கொண்டேன். சிஸ்டர் டீ வரவழைத்து, பிஸ்கட்டையும் ஒரு கை பார்த்தார். நான்கு தின்றார்.

"நல்லா இருக்கு. ஆனா மூங்ஃபலி வாசனை தூக்கலா இருக்கு. வெண்ணெய் பிஸ்கட்ல எங்க ஊர்ல யாரும் மூங்ஃபலி போட மாட்டாங்க" என்றார்.

ஹிந்தியில் மூங்ஃபலி என்றால் நிலக்கடலை. அதையும் குறித்துக்கொண்டேன். நான்காவது ஆதாரம்: நிலக்கடலைச் சுவை, அயர்லாந்து வழக்கம் அல்ல. இன்னொரு பொய்யைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அடிக்கோடும் போட்டேன்.

கிளம்பும்போது சிஸ்டர் சிரித்தார். "இவ்வளவு வருஷம் இங்க இருந்ததுல நானே எந்த ஊர்க்காரின்னு எனக்குத் தெரியல. நீ பிஸ்கட்டுக்கு ஊர் தேடறே" என்றார்.

பிறகு விசாரித்ததில் அந்த பிஸ்கட்டின் உண்மையும் தெரிந்தது. மலேசியாவில் பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு செய்யும் நிலக்கடலை பிஸ்கட்டின் சாயலில் செய்தது அது. அந்த ஊரில் பேர்பெற்ற பண்டம். தன் சொந்தப் பெருமையை மறைத்துக்கொண்டு பச்சைச் சட்டை மாட்டி வந்திருந்தது.

சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டித் திருத்தினால் போதும் என்று முடிவானது. ஆணையை நான்தான் எழுதினேன். ரசித்து எழுதினேன். 'இது மலேசியாவில் தயாரிக்கப்பட்டது. அயர்லாந்தில் தயாரிக்கப்பட்டது அல்ல.' அந்த 'அல்ல' என்ற சொல்லுக்காகவே ஒரு சாயங்காலம் செலவழித்தேன். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்த நிறத்தில் இருக்க வேண்டும், நகத்தால் சுரண்டினால் வராத பசை வேண்டும் என்று எல்லாம் எழுதினேன். எங்கே ஒட்ட வேண்டும் என்பதற்கு, 'தகுந்த இடத்தில்' என்று எழுதினேன்.

இரண்டு வாரத்தில் சேத்தி, ஒட்டிய டின்னைப் படம் எடுத்து அனுப்பினார். முன்பக்கத்தில் தாத்தாவும் மலையும் புடைத்துக்கொண்டிருந்ததால் ஸ்டிக்கர் நிற்கவில்லையாம், பின்பக்கத்துச் சமதளத்தில் ஒட்டியிருந்தார்கள். கோணல் மாணல் இல்லாமல் நேராக இருந்தது. எழுத்து பெரிதாக இருந்தது. 'அல்ல' பளிச்சென்று தெரிந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, சனிக்கிழமை காலையில், ஸ்டூல் மேல் ஏறி மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வசந்தி.

"யக்கா, ஒரு பிஸ்கட் டின்னு வந்திருக்கு. ஓ'டூலிகனாம். பச்சைக் கலர்ல தாடி வச்ச ஆளு."

"அட, அது என் டின்னு! நான் பாத்து அனுப்பினது."

"அப்படியா? நான் லேபிள முழுசாப் பாத்துட்டேம்லா, கடலைன்னு எங்கயும் போடலக்கா. மைதா, சீனி, வெண்ணெய், எண்ணெய், அவ்வளவுதான் இருக்கு. அனு கெடந்து துடிக்கா. குடுக்கட்டுமா?"

"தாராளமா குடு" என்றேன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. என் டின் என்று சொன்னபோது என் குரலில் இருந்த பெருமை இப்போதும் எனக்குக் கேட்கிறது.

மறுபடி ஸ்டூலில் ஏறினேன். இரண்டாவது இறக்கையைத் துடைக்கும்போது, அந்தப் பட்டியல் ஏன் எண்ணெயோடு நிற்கிறது என்று தோன்றியது. கோப்பில் அது இன்னும் நீளமாக இருந்ததே. உடனே சிஸ்டரின் குரல் காதில் விழுந்தது. மூங்ஃபலி.

ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. போனை எடுத்து அடித்தால் வசந்தி எடுக்கவில்லை. செருப்பில்லாமல், கையில் துடைக்கிற துணியோடு, மூன்றாவது மாடியிலிருந்து ஓடினேன். கதவு திறந்திருந்தது. அனு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். பத்து வயது. கையில் பிஸ்கட். அதை மூக்குக்குக் கிட்டே வைத்து நாய்க்குட்டி மாதிரி முகர்ந்துகொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும், "ஆண்ட்டி, இதுல மூங்ஃபலி ஸ்மெல் வருது. மம்மி இல்லேன்னு சொல்றாங்க. யாரு கரெக்ட்?" என்றாள்.

"நீதான் கரெக்ட்" என்று சொல்லி அதைப் பிடுங்கினேன். "வாயில வெச்சியா?"

"நஹீ. ஸ்மெல் மட்டும் பண்ணேன்."

சமையலறையிலிருந்து வந்த வசந்திக்கு என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிக் கொண்டுபோய்க் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஆத்திர அவசரத்துக்கு டாக்டர் கொடுத்திருந்த ஊசியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அனுவின் வலது மணிக்கட்டில் கொசு கடித்த மாதிரி இரண்டு தடிப்பு எழும்பியது. நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தடிப்புகளையே பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது ஒன்று வரவில்லை. இருந்த இரண்டும் மெல்ல அடங்கின. அந்த ஒரு மணி நேரமும் அனு எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்த சண்டை ஒன்றைப் பாதி ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த டின்னை எடுத்து, ஸ்டிக்கரைக் கத்தி முனையால் பிரித்தேன். நான் கேட்ட பசை, லேசில் வரவில்லை. அடியில், கொட்டை எழுத்தில் இருந்தது: 'நிலக்கடலை மாவு. ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க.' மலேசியாக்காரன் தாத்தா விஷயத்தில் புளுகியிருந்தான், கடலை விஷயத்தில் ஒழுங்காகச் சொல்லியிருந்தான். அவன் சொன்ன ஒரே முக்கியமான உண்மையின் மேல் நான் என் உண்மையை ஒட்டியிருந்தேன்.

வசந்தி அதைப் படித்தாள். "யக்கா, இன்னும் எத்தன டின்னு வெளிய போயிருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். அவள் என்னை நான்கு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

டின்னோடு ஆட்டோ பிடித்து லோதி ரோடு போனேன். எங்கள் பிரிவுத் தலைவர் அங்கே அரசுக் குடியிருப்பில் இருந்தார். கட்வால் மலைக்காரர், அதிகம் பேச மாட்டார். போகிற வழியில் நான் என்ன செய்தேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு வாக்கியம் தயார் செய்தேன். 'தகுந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்ற ஆணையை இறக்குமதியாளர் மீறியுள்ளார்.' இலக்கணப்படி அதில் பிழையே இல்லை. சிக்னலுக்குச் சிக்னல் அதை மெருகேற்றினேன். ஆட்டோ அவர் வீட்டு வாசலில் நிற்கும்போது அந்த வாக்கியம் நல்ல பளபளப்பாக இருந்தது.

அவர் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். டின்னைக் காட்டி, அனுவைப் பற்றிச் சொன்னேன். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எங்க ஒட்டணும்னு ஆர்டர்ல எழுதியிருந்தீங்களா?"

அந்தப் பளபளப்பான வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்ல சார்" என்றேன்.

"அப்ப இது நம்ம தப்பு. சேத்தியக் கூப்பிடுங்க."

உங்க தப்பு என்று சொல்லவில்லை. நம்ம என்றார். இருபத்தெட்டு வருட வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரங்களில் ஒன்றுகூட இப்போது நினைவில்லை. அந்த 'நம்ம' நினைவிருக்கிறது.

சேத்தி போனில் வெடித்தார். தீபாவளிக்கு முன் வாரம் சரக்கைத் திரும்பக் கேட்டால் எந்த வியாபாரிதான் வெடிக்க மாட்டான்? "ஒட்டச் சொன்னது நீங்க! சைஸ் சொன்னது நீங்க! பசை கூட நீங்க சொன்னதுதான் மேடம்ஜி!" என்று கத்தினார்.

"ஆமாம். எல்லாம் நான்தான். தப்பு எங்களுதுன்னு எழுத்துல தர்றேன். ஆனா இன்னிக்கே நிறுத்தணும். எங்க பிளாக்ல ஒரு பொண்ணு வாய்க்குக் கிட்ட கொண்டு போயிட்டா."

"பச்சி டீக் ஹை?" என்று கேட்டார். குழந்தை நல்லா இருக்கா என்று.

"நல்லா இருக்கா."

"நான் அயர்லாந்து விஷயத்துல பொய் சொன்னேன் மேடம்ஜி. அது பிசினஸ். கொழந்தைங்க சாப்பாட்டு விஷயத்துல சொல்ல மாட்டேன்" என்றார். அரை மணியில் காரோடு வந்து நின்றார்.

அந்த மனிதரை நான் மூன்று மாதமாகப் புளுகர் என்ற ஒரே அறையில் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். அன்று பகல் முழுவதும் அவர் மார்க்கெட் மார்க்கெட்டாக ஏறி இறங்கியதைக் கூடவே இருந்து பார்த்தேன். ஒரு கடையில் பெரிய வேடிக்கை. கடைக்காரர் டின்களைத் தர மறுத்தார். "இவ்வளவு நாள் நான் இத டூப்ளிகேட்னு நெனச்சேன். வாபஸ் வாங்கறாங்கன்னா இது அசல் ஃபாரின் சரக்குதான். நம்ம ஊர்க் கம்பெனி எங்க வாபஸ் வாங்குது? நான் தர மாட்டேன்" என்றார். நான் ஆணை போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, அயர்லாந்து அல்ல என்று சொல்லியிருந்தும், திரும்பக் கேட்டதும் அதை அசல் என்று நம்பிவிட்டார். சேத்தி அவர் காதில் ஏதோ சொன்னார். கடைக்காரர் ஓடிப்போய் மொத்தத்தையும் எடுத்து வந்து கொடுத்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "உன் பேத்திக்குக் கடலை ஒத்துக்குமான்னு கேட்டேன், அவ்வளவுதான்" என்றார்.

கடைகளில் இருந்தது வந்துவிட்டது. விற்றுப்போனது என்ன ஆவது? அன்று மாலை எங்கள் காலனி வாட்ஸாப் குழுவில் போட்டேன். பச்சை டின்னை யாரும் சாப்பிட வேண்டாம், திருப்பிக் கொடுங்கள், யாருக்காவது பரிசாகக் கொடுத்திருந்தால் சொல்லுங்கள் என்று. எல்லாரும் படித்துவிட்டார்கள், ஒருவரும் பதில் போடவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

வசந்திதான் புரியவைத்தாள். "யக்கா, தில்லில தீவாளி டின்ன யாருக்கா பிரிக்கா? வந்தத அப்படியே ரிப்பன் மாத்தி அடுத்த வீட்டுக்குக் குடுத்துருவாக. நீங்க யாரு யாருக்குக் குடுத்தீங்கன்னு கேட்டா எப்படிச் சொல்லுவாக? மானம் போயிரும்லா?"

அவள் சொல்லி முடிக்கும்முன் எனக்குத் தனியாக ஒரு போன் வந்தது. இரண்டாவது பிளாக் அம்மாள் ஒருவர், மெதுவான குரலில், "நான் அத லோதி ரோடுல இருக்கற என் நாத்தனாருக்குக் குடுத்துட்டேன். அவ எனக்குக் குடுத்த டின்னும் அதேதானோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு. நீங்களே அவகிட்ட சொல்லிடறீங்களா? நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார்.

சனி இரவே செய்தியை மாற்றி எழுதினேன். பேர் வேண்டாம், யார் கொடுத்தது என்று வேண்டாம், எப்படி வந்தது என்று வேண்டாம். சமுதாயக் கூடத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறோம், டின்னை அங்கே வைத்துவிட்டுப் போங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். பக்கத்துக் காலனிகளுக்கும் இந்தச் செய்தியை அனுப்பிவிடுங்கள். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் மேசை நிறைந்து, தரையிலும் அடுக்கியிருந்தார்கள். ஒரு டின்னில் மூன்று விதமான ரிப்பன் அடையாளம் இருந்தது. ஒன்றில், பெயர் அடிக்கப்பட்டு வேறு பெயர் எழுதி, அதுவும் அடிக்கப்பட்டிருந்தது. தலைவர் வந்து அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார், அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் அலுவலகத்திலிருந்து போன பொது அறிவிப்பிலும் அதே முறைதான். ஆபத்தான பொருளைத் திரும்பக் கேட்கும்போது, விளக்கம் கேட்காதீர்கள். வெட்கம் ஒரு டின்னை அலமாரிக்குள் பூட்டிவைக்கும்.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதை ஒரு மாதம் கழித்துத்தான் நிம்மதியாகச் சொல்ல முடிந்தது. ஒரு பத்து வயதுப் பெண்ணின் மூக்கு நன்றாக இருந்ததால் ஆகவில்லை. அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. என் கோப்பில் ஒரு எச்சரிக்கைக் குறிப்பு ஏறியது. அதற்குக் கீழே தலைவர் தன் பெயருக்கும் ஒன்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். நம் வேலையில் வேடிக்கையான பொய்கள் நிறைய வரும். சிவப்புத் தாடித் தாத்தாக்கள் வருவார்கள், ஈரக் கதவுகள் வரும். அவற்றைப் பிடிப்பது சுகமாக இருக்கும், நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்கலாம். அந்தச் சுகத்தில் இருக்கும்போது கண் ஒரே இடத்தில் நின்றுவிடும். நிலக்கடலை என்று என் கையாலேயே எழுதி, அடிக்கோடு போட்டேன். ஊரைப் பற்றிய சாட்சியாகத்தான் அதைப் பார்த்தேன், ஒரு குழந்தையின் தொண்டையைப் பற்றிய சாட்சியாகப் பார்க்கவில்லை.

தீபாவளி முடிந்து அலுவலகம் திறந்த முதல் நாள், வேறொரு கம்பெனியின் சாக்லேட் கோப்பு வந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய படத்தையும் இணைத்திருந்தார்கள். எல்லாம் ஒழுங்கு. அந்த ஆள் எதிரில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "படம் வேண்டாம், பெட்டியக் கொண்டு வாங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போய்க் கொண்டுவந்தார். கையில் எடுத்து, முன்னால், பின்னால், மேலே, கீழே, இரண்டு பக்கவாட்டிலும் திருப்பித் திருப்பி, அடியில் மறைந்திருப்பது எது என்று கோப்போடு வரிவரியாக ஒப்பிட்டேன். பத்து நிமிடம் ஆயிற்று. அவர் மூன்று முறை பெருமூச்சு விட்டார்.

எதையும் மறைத்திருக்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"இதுக்கா மேடம் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"இதுக்குத்தான்" என்றேன்.